நாலு சேனல் மிக்சரும் ஒரு கொட்டாவியும்

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. யார் விட்ட கொட்டாவி என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் மேல் உங்களுக்கு உண்டாகக்கூடிய கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். இன்னும் சில பக்கங்கள் நாம் சேர்ந்து போக வேண்டியிருக்கிறது.

பல ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றை மட்டும் காட்டுகிறேன்:

'ஆடி மாதத்துக் கார்மேகங்கள் கபாலீஸ்வரர் கோபுரத்தின் மேல் கவிந்திருந்த அந்த மாலையில், காமாக்ஷியின் உள்ளத்திலும் ஏதோ ஒரு —'

போதும். கோபுரத்தின் மேல் மேகம் கவிந்தால் மழை வரும், அவ்வளவுதான். காமாக்ஷியின் உள்ளத்தில் எதுவும் கவியவில்லை, அவளுக்குக் கோபம்தான் வந்திருந்தது. இன்னொரு ஆரம்பம் 'ஒலி என்பது யாது?' என்று கேட்டது. அதைக் கிழித்துப் போட்ட பிறகு எனக்கே என்னைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றைந்தாம் வருஷம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டின் பின்னறை. அங்கே காமாக்ஷி கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வி.சி.ஆர்., ஒரு டி.வி., பாட்டுப் போட ஒரு டேப் ரெக்கார்டர். மண்டபத்துக்குப் போய்ப் படம் எடுப்பவன் பொன்னுரங்கம். அடையாற்றுக் கரையில் வீடு, தோளில் சொந்தக் கேமரா. அவன் எடுப்பான், இவள் வெட்டுவாள். நாலு வருஷமாக இப்படித்தான். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தன்று அவன் கேசட்டை வாசலில் நீட்டிவிட்டுச் சொன்னான்:

"ஆவணிலேந்து வேற ஆள பாத்துக்கோக்கா. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

அவனைப் போகவிடாமல் நிறுத்த வேண்டும். அதற்காக அவள் ஒரு ஆடியோ மிக்சர் வாங்கப் போனாள். இதுதான் கதை.*

* மிக்சர் என்றதும் உங்களுக்குத் தோன்றிய தின்பண்டச் சிரிப்பு எனக்கும் தோன்றியது. ஒரு பத்தி முழுக்க எழுதி அடித்துவிட்டேன். வேர்க்கடலை வரைக்கும் போயிருந்தேன்.

2

இங்கே எனக்கே ஒரு சந்தேகம் வந்தது, உங்களுக்கும் வந்திருக்கும். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்கிறானே, இவன் எப்போது சொன்னான்?

காமாக்ஷிக்கும் அதே குழப்பம்தான். அவளுக்குத் தெரிந்த பொன்னுரங்கம் வாசலைத் தாண்டி வர மாட்டான். "கேசட்டு", "வரேங்க்கா", எப்போதாவது "பேட்டரி பூட்ச்சி". இவ்வளவுதான் அவன் பேச்சு. காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டால்கூடத் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு வாய் வலிக்கிறதாம்.

(இவனைப் பேசாதவனாகப் படைத்தது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். பேசாத கேமராக்காரன் என்றால் உடனே அவனை ஞானியாக்கத் தோன்றும். தூரத்தில் பார்த்துக்கொண்டு நிற்பான், எல்லாம் புரிந்தவன்போல. ஆக்க மாட்டேன். இவன் ஞானி இல்லை என்பதை ஆறாம் பகுதியில் நிரூபிக்கிறேன்.)

அவள் கணவர் வெங்கடரமணன், ஹாலில் காலையும் மாலையும் கணக்கு டியூஷன் எடுப்பவர், தன் பங்குக்கு ஒரு விடை கண்டுபிடித்தார். வடபழனியில் இப்போது எல்லா ஸ்டூடியோவிலும் மிக்சர் வந்துவிட்டது, பாட்டும் நாதஸ்வரமும் சேர்ந்தே கேட்கிறது, நம் கேசட்டில் பாட்டு மட்டும்தான் ஓடுகிறது, பையனுக்கு அதுதான் அவமானமாக இருந்திருக்கும் என்றார். காமாக்ஷிக்கும் ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒரு நாள், வழக்கத்துக்கு மாறாக, "ஒரு மிக்சர் இருந்தா தேவலக்கா" என்றான். அவள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மறந்துபோனாள்.

வேறு ஆள் கிடைக்காமலா போய்விடுவான்? கிடைப்பான். ஆனால் மற்றவர்கள் எடுத்த கேசட்டை அவள் வெட்டிப் பார்த்திருக்கிறாள். அது அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. பொன்னுரங்கத்தின் கேசட்டில் மட்டும், ஒரு மாமி யாரையோ பார்த்து முகத்தைச் சுளித்தால் அடுத்த நொடி கேமரா அந்த யாரோவைத் தேடிப் போகும். அவளே மண்டபத்தில் நின்றிருந்தால் எங்கே திரும்புவாளோ அங்கே திரும்பும். அவன் போய்விட்டால் தன் ஒரு கண் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதை அவனிடம் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

3

மிக்சர் வாங்கப் போகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. (கதை நடுவில் கட்டுரை வரலாமா என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது.)

முதலில் உங்களிடம் எத்தனை இடத்திலிருந்து சத்தம் வருகிறது என்று எண்ணுங்கள். வி.சி.ஆர். ஒன்று, டேப் ரெக்கார்டர் ஒன்று, மைக் வைத்துப் பேசுவதானால் அது ஒன்று. அதற்குமேல் ஒரு சேனல் இருந்தால் போதும். கடையில் பன்னிரண்டு சேனலைக் காட்டுவார்கள். அதன் எதிரில் நின்றால் விமானம் ஓட்டுவதுபோல் இருக்கும். நகர்ந்துவிடுங்கள். அடுத்து, எதையும் போடாமல் சத்தத்தை மட்டும் ஏற்றி, இரைச்சல் வருகிறதா பாருங்கள். மேலும் கீழும் தள்ளுகிற பட்டன் கரகரக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கடைசியாக, ஹெட்போன் மாட்டத் துளை இருக்க வேண்டும். இது ரொம்ப முக்கியம். ஏன் என்று நாலாம் பகுதியில் தெரியும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஷம்ஷாத் சொன்னது. அவளையும் நான்தான் உண்டாக்கினேன், ஆனால் என்னைவிட விவரமானவளாக உண்டாக்கிவிட்டேன், என்ன செய்வது.

பாண்டி பஜார் பக்கத்துச் சந்தில் ஷம்ஷாத்தின் கடை. அரசியல் கூட்டத்துக்கு ஆம்ப்ளிஃபயர், கச்சேரிக்கு மைக், வீட்டுக்கு ஒயர் என்று எல்லாம் உண்டு. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் புடவைப் பைகளுக்கு நடுவே நசுங்கி வந்து சேர்ந்த காமாக்ஷியின் முன்னால் அவள் மூன்று மிக்சர்களை வைத்தாள். ஒன்று எக்கோ வைத்தது. ஷம்ஷாத் மைக்கில் ஹலோ என்றாள். அந்த ஹலோ கடை முழுக்கச் சுற்றிவிட்டு, வாசலில் பேட்டரி வாங்கிக்கொண்டிருந்தவரைத் தொட்டுத் திருப்பியது. இரண்டாவது, அந்தப் பன்னிரண்டு சேனல். மூன்றாவது நாலு சேனல், சின்னது, ஒரு முள் ஆடும் மீட்டர், ஹெட்போன் துளை.

காமாக்ஷிக்குப் பன்னிரண்டின் மேல்தான் ஆசை. எல்லாப் பட்டனையும் ஒரு தரம் தள்ளிப் பார்த்தாள். மண்டபத்தில் கூட்டத்தை நகர்த்தி உட்காரவைப்பது போன்ற சுகம். ஷம்ஷாத் அதைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஆர்கெஸ்ட்ரா இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"மொதல்ல சின்னத எடுத்துகினு போய் ஊட்ல ஓட்டிப் பாருங்க மேடம்," என்றாள் ஷம்ஷாத். "ஹெட்போனும் தரேன். புட்ச்சா வெச்சிக்கோங்க, புடிக்கலயா, கொண்டாந்துடுங்க."

4

'ரங்கநாதன் தெருவின் மக்கள் வெள்ளத்தில் மிக்சரைத் தலைக்குமேல் தூக்கியபடி மாம்பலம் ஸ்டேஷன் நோக்கி அவள் நீந்தி —'

(அவளுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. பாண்டி பஜாரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்துக்கு யாராவது ரயிலில் போவார்களா? அந்தத் தெருவை எழுத ஆசைப்பட்டேன். ஆட்டோவில் போய்விட்டாள்.)

அன்று மாலை. ஹாலில் வெங்கடரமணன் சைன், காஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே நீங்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. டியூஷன் நடக்கிற வீட்டில் டி.வி. சத்தம் வைக்க முடியாது. நாலு வருஷமாகக் காமாக்ஷி எந்தக் கேசட்டையும் சத்தத்தோடு பார்த்ததே இல்லை. வால்யூம் பூஜ்யம். கண்ணால் பார்த்தே வெட்டுவாள். டியூஷன் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்த கேசட்டின் மேல் பாட்டுகளை ஏற்றுவாள். மண்டபத்துச் சத்தமெல்லாம் பாட்டுக்கு அடியில் அழிந்துபோகும். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததைப் போடும் இடைவெளியில் அசல் சத்தம் ஒரு நொடி எட்டிப் பார்க்கும். அதை யார் பொருட்படுத்துகிறார்கள்?

இப்போது ஹெட்போன் இருக்கிறது. பீரோவில் அடுக்கியிருந்த பழைய கேமரா கேசட்டுகளில் ஒன்றை எடுத்து வி.சி.ஆரில் போட்டாள். ஒயரை மிக்சரில் செருகினாள். முதல் சேனலின் பட்டனை மெல்ல மேலே தள்ளினாள். முள் எழுந்து ஆடியது.

நாதஸ்வரம். பாத்திரம் விழும் ஓசை. யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். பிறகு, காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல், கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"அக்கா, இந்த நீலப்பொடவ அம்மா மூணாவது வாட்டி பந்தில குந்திகினு கீது. வெட்டாத. நல்லாருக்கும்."

காமாக்ஷி ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"இங்க கை ஆடிப்பூச்சிக்கா. தும்மல் வந்துச்சி. மன்னிச்சுக்கோ."

அவன் பேசாதவனே இல்லை. நாலு வருஷமாக, ஒவ்வொரு கல்யாணத்திலும், கேமராவின் மைக்கில் அவளுடன் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். வெட்டுகிறவள் சத்தம் வைத்துக்கொண்டுதானே வெட்டுவாள் என்று நினைத்திருக்கிறான். வாசலில் நின்று என்ன பேசுவது? சொல்ல வேண்டியதையெல்லாம்தான் கேசட்டில் சொல்லியாகிவிட்டதே.

காமாக்ஷி சிரிக்க ஆரம்பித்தாள். நீலப்புடவை மாமி நாலாவது பந்திக்கும் வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு அடங்காமல் போய்விட்டது. ஹெட்போன் மாட்டியவர்களுக்குத் தாம் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறோம் என்று தெரியாது. ஹாலில் காஸ் நின்றுபோய், பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

5

சரி, கொட்டாவி.

அது என்னுடையது. என் கல்யாணத்தில், மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மணையில் உட்கார்ந்தபடி விட்டேன். வாய் முழுக்கத் திறந்து, அண்ணத்தைக் காட்டி. வீடியோவில் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அந்த இடத்தைத் தேடிப் போட்டுக் காட்டுவாள். பல வருஷம் கழித்து, நூறாவது முறையோ என்னவோ பார்க்கும்போதுதான் கவனித்தேன். கொட்டாவி முடியும் இடத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. நடுவில் ஒரு நொடி. அந்த நொடியில் ஒரு குரல்: "...வெட்டிடுக்கா, பாவம்."

யாரோ ஒரு மனிதர் எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். யாரோ ஒரு அக்காவுக்கு அது போய்ச் சேரவில்லை. எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நொடிதான். மற்றதெல்லாம், காமாக்ஷி, டியூஷன், நீலப்புடவை எல்லாம், நான் இட்டுக்கட்டியது. என் மரியாதை போனதில் வருத்தமில்லை. அந்த அக்காவுக்கு எப்படியாவது அந்தக் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

6

அடுத்த சில மாலைகள் அவள் கேசட் கேசட்டாகக் கேட்டாள்.

வாக்களித்தபடி நிரூபணம்: பொன்னுரங்கம் சொன்னதில் பாதி தப்பு. "இந்த முறுக்கு மீச மாமா சும்மா குறுக்க வராருக்கா, மொத்தமா தூக்கிடு" என்று ஒரு கல்யாணம் முழுக்கச் சொல்லியிருந்தான். அந்த முறுக்கு மீசைதான் பெண்ணின் தாய்மாமன், கேசட்டுக்குச் சொல்லிவிட்டவரே அவர்தான். காமாக்ஷிக்கு அன்று காது கேட்டிருந்தால் தொழில் அத்தோடு போயிருக்கும். இன்னொரு கல்யாணத்தில் அவன் வைக்கச் சொன்னதைத் தற்செயலாக அவளும் வைத்துவிட்டாள். முடிந்த கேசட்டைக் கல்யாண வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன்தான், கொடுக்குமுன் போட்டுப் பார்ப்பான்போல. அடுத்த கேசட்டின் தொடக்கத்திலேயே அவன் குரல் துள்ளியது: "சூப்பர்க்கா. நா சொன்னா மாரியே வெச்சிட்ட." அந்த மாதம் முழுக்க அவன் பேச்சு இரண்டு மடங்காக இருந்தது.

பிறகு பத்ரிநாராயணன் என்பவரின் பெண் கல்யாணக் கேசட். மயிலாப்பூரில் ஒரு மண்டபம். தாலி கட்டி முடிந்த பரபரப்பில் கேமரா மேடையை விட்டு விலகி, தூரத்தில் ஒரு தூணைக் காட்டியது. அவளுக்கு ஞாபகம் இருந்தது. மங்கலாக, ஒன்றுமில்லாமல் இருந்த இடம். வெட்டிவிட்டாள்.

"பொண்ணோட அப்பா தூணாண்ட போய் நின்னுகினு கீறாருக்கா," என்றது குரல், மிகவும் தணிந்து. "அழுவறாரு. நான் கிட்ட போவல. ரெண்டு செகண்டாச்சும் வையி. பொண்ணு பின்னால பாத்துக்கும்."

காமாக்ஷி சிரிக்கவில்லை. அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இப்போது தெரிந்தது: தூணை ஒட்டி ஒரு வேஷ்டி, துண்டால் முகத்தை மூடிய கை. மறுபடி பார்த்தாள். 

அதற்குப் பிறகு வந்த கேசட்டுகளில் அவன் பேச்சு குறைந்துகொண்டே போனது. "தூணாண்ட எடுத்தத வெட்டிட்டல்ல" என்று ஒன்றில். "சொல்லி இன்னா பிரயோசனம்" என்று ஒன்றில். ஆனி மாதத்துக் கேசட்டுகளில் நாதஸ்வரம் இருந்தது, கெட்டிமேளம் இருந்தது, கூட்டம் இருந்தது. அவன் இல்லை.

7

கடைக்குத் திரும்பிப் போனாள். எதை வாங்குவது என்று இன்னும் முடிவாகவில்லை. (முடிவாகிவிட்டது. நான்தான் கதையை ஒரு பகுதி இழுக்கிறேன். எக்கோ மிக்சரை ஒரு தரம் போட்டுப் பார்க்காமல் என்னால் விட முடியவில்லை.)

கையோடு ஒரு கேசட்டும் கொண்டுபோயிருந்தாள். என் கல்யாணத்தின் கேமரா கேசட்தான், பாட்டு ஏறாதது. எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி? ஷம்ஷாத் அதை எக்கோ மிக்சரில் மாட்டி ஓட்டினாள்.

"மாப்ள கொட்டாவி வுடறாரு, வெட்டிடுக்கா... டிடுக்கா... டுக்கா..."

பேட்டரி வாங்க வந்தவர், ஒயர் வாங்க வந்தவர், எல்லோரும் திரும்பினார்கள். ஷம்ஷாத் சிரித்துச் சிரித்துக் கல்லாவின் மேல் சாய்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஓட்டினாள், இன்னும் கொஞ்சம். கடைசியில் காமாக்ஷியைப் பார்த்தாள்.

"யாரு மேடம் இவுரு? இவ்ளோ நேரமா ஒங்களாண்டதானே பேசிகினு கீறாரு. நீங்க பதிலே சொல்லலியா?"

 காமாக்ஷி சின்ன மிக்சரையே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். கூட ஒரு மைக் கேட்டாள்.

இதுதான் நாலு சேனலின் பயன். ஒன்றில் அவன். இன்னொன்றில் அவள். மூன்றாவது பாட்டுக்கு. நாலாவது சும்மா இருக்கட்டும், எதற்காவது ஆகும்.

8

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒரு கேசட் செய்தாள். நாலு வருஷத்துக் கல்யாணங்களிலிருந்து அவன் பேசிய இடங்களை மட்டும் எடுத்து வரிசையாக ஒட்டினாள். ஒவ்வொன்றின் முடிவிலும் அவன் பட்டனைக் கீழே இறக்கி, தன் பட்டனை மேலே ஏற்றி, மைக்கில் பதில் சொன்னாள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

தும்மலுக்கு மன்னிப்புக் கேட்ட இடத்தில், தீர்க்காயுசு என்றாள். நாலு வருஷம் பிந்தி வந்த தீர்க்காயுசு. நீலப்புடவைக்கு, "அந்த மாமி நாலாவது பந்தியும் சாப்பிட்டா, பாத்தியோ?" என்றாள். முறுக்கு மீசைக்கு அவனை நன்றாகத் திட்டினாள். கொட்டாவிக்கு, "ஐயோ பாவம், அந்தப் பிள்ளையை ஆயுசுக்கும் கேலி பண்ணப் போறா" என்றாள். (நன்றி.) தூண் வந்ததும் அந்த இடத்தை முழுதாக ஓடவிட்டுப் பிறகுதான் தன் பட்டனை ஏற்றினாள்.

"வெட்டிட்டேன் பொன்னு. பெரிய தப்பு. எனக்குத் தெரியலை. நீ இத்தனை நாளா எங்கிட்ட பேசிண்டிருக்கேன்னே எனக்குத் தெரியாது. ஆத்துல டியூஷன், நான் சத்தமே வெக்கறதில்லை. அந்தப் பொண்ணுக்கு வேற கேசட் போட்டுக் குடுத்துட்டேன், தூணோட. நீ எடுக்காத கல்யாணத்தை என்னால வெட்ட முடியாது. ஆவணிக்கு நான் யாரையும் பாக்கலை."

கேசட்டை எடுத்துக்கொண்டு அடையாற்றுக் கரைக்குத் தானே போனாள். பொன்னுரங்கம் இல்லை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதைப் படம் எடுக்கப் போயிருந்தான். அவன் மனைவி தேவானை கேசட்டை வாங்கிக்கொண்டு, இன்னா படங்க்கா இது என்று கேட்டாள்.  கல்யாணம்தான் என்றாள் காமாக்ஷி. வீட்டில் வி.சி.ஆர். இல்லை, ஆனால் அவன் கேமராவிலேயே போட்டு, கண்ணை வைத்து, காதில் மாட்டிக்கொண்டு பார்ப்பான் என்று தேவானை சொன்னாள். "அப்ப ஊட்ல யாராண்டயும் பேச மாட்டாரு," என்றும் சொன்னாள்.

9

இப்போது முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில் பொன்னுரங்கம் மறுநாளே ஓடி வருகிறான், வாசலைத் தாண்டி உள்ளே வருகிறான், காபி சாப்பிடுகிறான், இருவரும் கண்கலங்கி — வேண்டாம். அவன் உள்ளே வந்துவிட்டால் பிறகு கேமராவிடம் பேசுவானா?

இரண்டாவதில் அவன் வடபழனிக்குப் போய்விடுகிறான். அங்கே பன்னிரண்டு சேனல் இருக்கிறது. இவள் நாலு சேனலோடு தனியாக — இதையும் அடித்துவிட்டேன். என் மனநிலைக்கு ஒத்துவரவில்லை. எழுத ஆரம்பித்ததிலிருந்து நான் ஒரே சந்தோஷத்தில் இருக்கிறேன், அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

நடந்தது இதுதான். ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு மந்தைவெளியில் ஒரு கல்யாணம். எப்போதும்போல் மண்டபத்தின் விலாசத்தைக் காமாக்ஷி அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். போவானா என்று தெரியாது. அன்று மாலை ஹாலில் டியூஷன் நிறைந்திருந்தபோது வாசலில் மணி அடித்தது. பொன்னுரங்கம் நின்றிருந்தான்.

"கேசட்டு," என்றான். நீட்டினான். "வரேங்க்கா." இறங்கிப் போய்விட்டான்.

அவள் அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்த்தானா, கூழ் ஊற்றியதைப் படமெடுத்த களைப்பில் எங்காவது போட்டுவிட்டானா, கடைசியாக ஒரு கல்யாணத்தை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறானா, ஒன்றும் தெரியவில்லை. தேவானை சரியாகத்தான் சொல்லியிருந்தாள், யாரிடமும் பேசமாட்டான் என்று.

காமாக்ஷி பின்னறைக்குப் போனாள். கேசட்டைப் போட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் சேனலை மேலே தள்ளினாள்.  மண்டப வாசல் வாழைமரம் தெரிந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிச் சரிபார்த்தார். யாரோ பன்னீர் தெளித்தார்கள். முள் ஆடியது, விழுந்தது, ஆடியது. வேறு ஒன்றும் இல்லை. பட்டனை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள்.

கேமராவுக்குப் பின்னால், மிக அருகில், ஒருவன் தொண்டையைச் செருமினான்.

10

அவன் என்ன சொன்னான் என்று நான் எழுதப் போவதில்லை. நாலு வருஷம் கழித்துப் போய்ச் சேருகிற பேச்சுக்கு நடுவில் நான் எதற்கு? உங்களுக்கு வேண்டுமானால் இதோ இடம் விட்டிருக்கிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

"அக்கா, ............................................"

ஆனால் அதற்கு முன்னால், அந்தச் செருமலுக்கும் அவன் முதல் வார்த்தைக்கும் நடுவில் இருந்த நொடியில், காமாக்ஷி ஒன்று சொன்னாள். அவனுக்கு அது எட்டாது என்று அவளுக்குத் தெரியும். ஹெட்போன் மாட்டியிருந்ததால் ஹாலில் அத்தனை பிள்ளைகளுக்கும் எட்டியது. வெங்கடரமணன் சாக்பீஸோடு திரும்பிப் பார்த்தார். அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

"சொல்லு, பொன்னு."